மூன்றாம் கம்பி வரைக்கும்

கொரட்டூரில் திருவேங்கடம் குடியிருக்கும் தெருவில் விவரம் தெரிந்தவர்கள் யாரும் அவர் கண்ணெதிரில் வண்டியை நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் பக்கத்தில் வந்து குனிவார், மூக்கை ஒரு தரம் உறிஞ்சுவார், "ஆயில் கருகிப் போச்சு, மாத்திடுங்க" என்பார். கேட்ட பிறகு சொல்வது ஊர் வழக்கம், கேட்காமலே சொல்வது திருவேங்கடம் வழக்கம். மெக்கானிக்கும் அதையேதான் சொல்வார் என்பது வேறு விஷயம். செலவு வைக்கிற செய்தியை நடுத்தெருவில் கேட்க யாருக்குப் பிடிக்கும்? தெருக்கோடி ஃபிளாட்டுக்கு ஈரோட்டிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து குடியேறிய கம்ப்யூட்டர் பிள்ளைகள்கூட இப்போது வண்டியை அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்து வருகிறார்கள்.

அந்த மூக்கு சும்மா வந்ததில்லை. பட்டரவாக்கத்தில் ரயில் பாதையை ஒட்டி அவருக்கு ஒரு யார்டு இருந்தது. அப்பா வழியில் வந்த நிலத்தில் அவர் பங்குக்கு விழுந்த துண்டு அது. உழவுக்கு லாயக்கில்லை, வீடு கட்டவும் ஆசை வராது என்று அண்ணன் தம்பிகள் அவர் தலையில் கட்டிய இடம். அங்கேதான் தன் வாழ்க்கையின் நல்ல பாகத்தை அவர் எண்ணெயில் கழித்தார். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டின் பட்டறைகளில் மெஷின்களுக்கு அடியில் இருக்கும் தொட்டிகளில் தேங்குமே, எண்ணெயும் தண்ணீரும் இரும்புப் பொடியும் மரத்தூளும் கலந்த கருஞ்சேறு, அந்த எண்ணெய். பட்டறைக்காரர்கள் அதை மண்டி என்பார்கள். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கும்பிடு போடுவார்கள்.

திருவேங்கடமும் அவருடைய கூட்டாளி ஜஸ்டினும் அதை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் பேரல் பேரலாக ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் தண்ணீர் ஊற்றி, மண்டியைக் கொட்டி, அடியில் தீ மூட்டிக் காய்ச்சுவார்கள். சூடு ஏற ஏற இரும்பும் மண்ணும் அடியில் இறங்கும், எண்ணெய் மேலே வரும். அதை வழித்துத் தரைக்குள் கட்டியிருந்த சிமென்ட் தொட்டியில் விட்டால் கிடந்து தெளியும். தெளிந்த எண்ணெய் டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும். கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகைக்குப் பூசுவதற்கு அதை வாங்கிப் போவார்கள். இந்தச் சென்னையின் மேற்குப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளின் கூரைத் தளம் திருவேங்கடத்தின் எண்ணெயைத் தடவிய பலகையின் மேல்தான் படுத்து இறுகியது. அது ஒரு வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும், அதில் ஒரு கர்வமும் உண்டு.

இருவரும் முதலில் ஒரு போல்ட் கம்பெனியில் மெஷின் துடைக்கிற ஆட்களாகச் சேர்ந்தவர்கள். ஜஸ்டின் ஆவடிப் பையன். அவருடைய அப்பா ஒரு கேன்டீனில் சமையல்காரர். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே பனியன் வேஸ்ட் மூட்டையிலிருந்து துணி எடுத்துத் துடைத்து, கம்பெனி மூடியபோது ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். பட்டரவாக்கம் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து என்ன செய்வது என்று யோசித்தபோது, இவ்வளவு நாள் எதைத் துடைத்துத் தூரப் போட்டோமோ அதையே எடுத்துப் பிழைப்போம் என்று சொன்னவர் ஜஸ்டின். நிலம் திருவேங்கடத்துடையது, யோசனை ஜஸ்டினுடையது, உழைப்பு இரண்டு பேருடையது. எழுத்து, கையெழுத்து ஒன்றும் கிடையாது. ஆளுக்கொரு சாவி, அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அந்த நாட்களைப் பற்றித் திருவேங்கடத்திடம் பேச்சுக் கொடுத்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார், மூக்கு வேலை செய்யத் தொடங்கும். கடைசல் பட்டறையின் பழைய கட்டிங் ஆயில் புளித்த மோர் நாற்றம் அடிக்குமாம். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி முக்கி எடுக்கிற பட்டறையின் எண்ணெய்க்கு, கடலை வறுக்கும்போது மறந்துவிட்டால் வருகிற வாசனையாம். இந்தப் பேரல் எந்தக் கம்பெனியுடையது என்று மூடியைத் திறந்ததும் சொல்லுவார். ஜஸ்டினுக்கு மூக்கு கிடையாது, அவருக்குக் கை. ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, இதில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, இன்னொரு கொதி வேண்டும் என்பார். ஒருவர் மூக்கும் இன்னொருவர் கையும் சேர்ந்துதான் ஒரு முழு எண்ணெய்க்காரர் என்று டீக்கடைக்காரர் வீராசாமி கிண்டல் செய்வார். அது கிண்டல் மட்டுமில்லை, உண்மையும்கூட.

மற்றவர்களுக்குத் தீபாவளி எப்படியோ அப்படி அவர்களுக்கு ஆயுத பூஜை. வருடம் முழுவதும் மெஷினுக்கு அடியில் எட்டிக்கூடப் பார்க்காத முதலாளிகள் சரஸ்வதி வரப்போகிறாள் என்றதும் அங்கே இருக்கும் சம்புத் தொட்டியைத் தோண்டி, தரையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, மெஷினுக்குச் சந்தனம் வைக்கக் கிளம்பிவிடுவார்கள். எஸ்டேட் முழுவதும் ஒரே வாரத்தில் மண்டியைக் கக்கும். எல்லாரும் கூப்பிடுவார்கள், எல்லாருக்கும் அவசரம். மீன்பாடி வண்டி ஓய்வே இல்லாமல் ஓடும். பூஜை அன்று சாயங்காலம் எஸ்டேட்டே சீரியல் விளக்கும் பொரியுமாக ஜொலிக்கும்போது, இவர்கள் இருவரும் தலை முதல் கால் வரை கறுப்பாக, வெள்ளை தெரிவது பல்லும் கண்ணும்தான் என்ற கோலத்தில் தங்கள் கொப்பரைக்குப் பொட்டு வைப்பார்கள். திருவேங்கடம் கற்பூரம் காட்ட, ஜஸ்டின் பூசணிக்காய் உடைப்பார். டிசம்பரில் ஜஸ்டின் வீட்டிலிருந்து கேக் வரும். அதைத் திருவேங்கடத்தின் மனைவி ராணி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, கேக்கிலும் கட்டிங் ஆயில் வாசனை அடிக்கிறது என்பாள். சொல்லிவிட்டு முழுவதையும் தின்பாள்.

தெளிகிற தொட்டியை ஜஸ்டின்தான் கொத்தனாரோடு நின்று கட்டினார். உள்ளே இறங்கிக் கழுவுவதற்காக ஒரு பக்கச் சுவரில் ஏணிப்படி மாதிரி இரும்புக் கம்பிகளைப் பதித்திருந்தார்கள். அந்தக் கம்பிகளே அளவும் ஆயின. எண்ணெய் எந்தக் கம்பி வரைக்கும் நிற்கிறது என்று பார்த்தால் கணக்குத் தெரியும். வாரம் முழுவதும் காய்ச்சிக் காய்ச்சி ஊற்ற, சனிக்கிழமை சாயங்காலம் தொட்டி வாய் வரைக்கும் நிறையும். ஞாயிறு விடுமுறை. லாரி திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகும்.

பக்கத்து மனையில் ஃபோர்ஜிங் பட்டறை வந்து, அங்கே பெரிய சம்மட்டி மெஷின் ஒன்றை நட்டார்கள். அது விழும்போதெல்லாம் டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் குலுங்கும், யார்டில் பேரல் மூடி தாளம் போடும். திருவேங்கடத்துக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது, எஸ்டேட் உயிரோடு இருக்கிறது என்று தோன்றுமாம். அந்த வருடம்தான் தொட்டியில் எண்ணெய் குறையத் தொடங்கியது.

சனிக்கிழமை வாய் வரைக்கும் நிற்கிற எண்ணெய் திங்கட்கிழமை காலையில் மேலிருந்து மூன்றாம் கம்பிக்கு இறங்கியிருந்தது. முதல் தடவை, சூடு ஆறினால் கொஞ்சம் வற்றும் என்று விட்டார். அடுத்த வாரமும் மூன்றாம் கம்பி. அதற்கடுத்த வாரமும் மூன்றாம் கம்பி. ஒரு விரல் அளவு கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை. இது தானாக நடக்கிற காரியம் இல்லை, அளந்து எடுக்கிற கை என்று திருவேங்கடம் முடிவு செய்தார். யார்டுக்குச் சாவி இரண்டு பேரிடம்தான். ஞாயிறு காலையில் திருவேங்கடம் ஒரு நடை போய் நாய்க்குச் சோறு வைத்துவிட்டு வருவார். தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்க்கிற வழக்கம் அவருக்கு அன்று இல்லை. மத்தியானத்துக்கு மேல் சர்ச் முடிந்து ஜஸ்டின் ஒரு சுற்றுப் பார்க்க வருவார். மீதியை மனசே சொல்லிக்கொண்டது.

கேட்டிருக்கலாம். ஒரு டீக்குள் முடிந்திருக்கும் பேச்சு. ஆனால் அந்தச் சமயத்தில்தான் ராணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்தபோது ஜஸ்டின் தினமும் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு வந்து, வராந்தாவில் கூடவே உட்கார்ந்திருந்தார். உள்ளே பெண்டாட்டி, பக்கத்தில் கூட்டாளி. திருவேங்கடம் அந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே இவன்தானா, இவனேதானா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்க முடியவில்லை. திறக்காத வாய்க்குள் அது புளித்துக்கொண்டே போனது.

ஆஸ்பத்திரி அலைச்சலில் வேலை குறைந்து தொட்டி பாதிதான் நிறைந்திருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஜஸ்டின் கிளம்பிப் போன பிறகு, திருவேங்கடம் கேட்டுக்குப் புதுப் பூட்டு போட்டார்.

மறுநாள் நடந்தது டீக்கடை வீராசாமி சொல்லித்தான் தெரியும். ஜஸ்டின் சர்ச்சிலிருந்து வெள்ளைச் சட்டையோடு வந்தார், சாவியைப் போட்டார், திரும்பவில்லை. இன்னொரு தரம் போட்டார். பிறகு பூட்டைக் கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பழைய சாவியை டீக்கடையில் கொடுத்து, திருவேங்கடம் வந்தால் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டு ஆவடி ரயிலைப் பிடித்துப் போய்விட்டார். சண்டை இல்லை, ஒரு கேள்வியும் இல்லை. ஒரு குற்றமும் செய்யாதவன் இப்படிச் சும்மா போவானா என்று திருவேங்கடம் ராணியிடம் கேட்டார். அவன் போனது இருக்கட்டும், நீ ஏன் கேட்கவில்லை என்று ராணி திருப்பிக் கேட்டாள். அவருக்குக் கோபம்தான் வந்தது. அன்று முதல் அந்த வீட்டில் ஜஸ்டின் என்ற பெயரை எடுப்பதில்லை.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், ஜஸ்டின் போனதும் எண்ணெய் குறைவதும் நின்றது. அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமைகூட அளவு இறங்கவில்லை. வேறு என்ன சாட்சி வேண்டும்? திருவேங்கடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நெஞ்சு நிமிர்ந்ததே தவிரத் தொழில் நிமிரவில்லை. விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்க்க ஆள் இல்லாமல் தண்ணீர் கலந்த எண்ணெய் லாரி ஏறியது, திரும்பி வந்தது. வண்டி மிதிக்க வந்த கூலியாட்கள் வாரம் ஒருவராக மாறினார்கள். பாதிப் பட்டறைகள் கையை விட்டுப் போயின. பிறகு கழிவு எண்ணெய்க்கு லைசென்ஸ், அதற்கென்று தனி ஆலை என்று சட்டதிட்டம் வந்தது. அது சரியான சட்டம்தான் என்று அவரே ஒப்புக்கொள்வார், அந்தப் புகையில் அவர் இருமாத நாள் இல்லை. யார்டை மூடினார். அப்புறம் ஒரு குடோனில் வாட்ச்மேன், ஒரு கல்யாண மண்டபத்தில் தண்ணீர் மோட்டார் பார்க்கிற ஆள். ஒரே மகள் அகல்யாவை நர்ஸ் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார். வாழ்க்கை ஒன்றும் மோசமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவருக்குக் கூட்டாளி என்று ஒருவர் அமையவில்லை. ஆயுத பூஜை வந்தால் ராணி பொரி வாங்கி வைப்பாள். அவர் சாமி கும்பிட்டுவிட்டு, பூசணிக்காய் உடைக்க ஆள் இல்லாத மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திருடன் என்று தெரிந்த பிறகும் ஒருவனுக்காக ஏங்குகிறோமே என்று தன் மேலேயே அவருக்கு எரிச்சலாக இருக்கும்.

போன வருடம் பக்கத்து ஃபோர்ஜிங் பட்டறையும் மூடியது. இரண்டு மனையையும் சேர்த்து ஃபிளாட் கட்ட ஆட்கள் வந்தார்கள். ஆனால் மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். இந்த மண்ணில் அஸ்திவாரம் போட முடியாது, போர் போட்டால் தண்ணீரிலும் எண்ணெய் வரும், முதலில் மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்கென்றே இருக்கிற ஒரு கம்பெனி இரண்டு டிரெய்லரில் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியது. பொறுப்பாக வந்த பெண் வர்ஷா, திருப்பூர்ப் பக்கத்துக்காரி, வேலப்பன்சாவடியில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். மஞ்சள் ஹெல்மெட்டும் முட்டி வரை பூட்ஸுமாக அவள் நிற்பதைப் பார்த்து, இந்தச் சேற்றில் இவ்வளவு சுத்தமாக ஒருத்தி நிற்க முடியுமா என்று திருவேங்கடம் ஆச்சரியப்பட்டார். சாயங்காலம் பார்த்தபோது அவளும் முழங்கை வரை கறுப்பு. அதன் பிறகுதான் அவருக்கு அவள் மேல் மரியாதை வந்தது.

தினமும் காலையில் நாஷ்டாவை முடித்துவிட்டு அவர் அங்கே போய்விடுவார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். தோண்டிய மண்ணைச் சுழலும் உருளைக்குள் போட்டு, சுடுதண்ணீரும் ஏதோ சோப்புத் திரவமும் விட்டு அலசுகிறார்கள். கல் ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம் பிரிந்து விழுகிறது. அழுக்குத் தண்ணீர் தொட்டியில் நிற்க, மேலே எண்ணெய் படலமாக மிதந்து வருகிறது. அதை வழித்துப் பேரலில் பிடித்து லைசென்ஸ் உள்ள ஆலைக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் மண்டியைக் காய்ச்சினோம், நீங்கள் மண்ணையே காய்ச்சுகிறீர்கள் என்று அவர் சொல்ல, வர்ஷா சிரித்து, கிட்டத்தட்ட அதேதான் ஐயா என்றாள்.

அந்தச் சுடுதண்ணீர் ஆவியில் எழுந்த வாசனையை அவர் எதிர்பார்க்கவில்லை. புளித்த மோர், கருகிய கடலை, மண்ணெண்ணெய் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. மேல்மண்ணில் யார்டின் கடைசிக் காலத்து மட்டச் சரக்கு. கொஞ்சம் கீழே போனதும் நல்ல காலத்து எண்ணெய், பேர் தெரிந்த பட்டறைகளின் எண்ணெய். அந்தப் பட்டறைகளில் பாதி இன்று கார் ஷோரூம், மீதி மென்பொருள் கட்டடம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி மூக்கால் எஸ்டேட்டையே ஒரு சுற்று சுற்றி வந்தார். சுற்றும்போது கூடவே ஜஸ்டினும் மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு வந்தார், அதைத் தடுக்க முடியவில்லை.

தொட்டி இருந்த இடத்துக்கு வேலை வந்தது. தொட்டிக்குள் இருந்த சேற்றை எடுத்த பிறகு, வெளிப்பக்கம் மண்ணைத் தோண்டினார்கள். மூன்று பக்கம் மண் வெறும் சாம்பல் நிறம். நாலாவது பக்கம், பழைய ஃபோர்ஜிங் பட்டறையைப் பார்த்த பக்கம், மண் ஆழம் வரைக்கும் நனைந்து பளபளவென்று இருந்தது. அந்த மண்ணை அலசியபோது வந்தது மண்டி இல்லை. டிக்காஷன் நிறத்தில், தெளிவாக, மிதந்து மிதந்து எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. ஆட்கள் பேரல் மாற்றிப் பேரல் வைத்தார்கள்.

திருவேங்கடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அது யாரோ கீழே சிந்திய எண்ணெய் இல்லை. காய்ச்சி, தெளிய வைத்து, லாரிக்கு ஏற்றத் தயாராக இருந்த எண்ணெய். அது எப்படி மண்ணுக்குள் போகும்?

வர்ஷா கையை நீட்டிக் காட்டினாள். தொட்டிச் சுவரின் வெளிப்பக்கத்தில், மேலிருந்து கொஞ்சம் கீழே ஒரு இடத்தில் கறை தொடங்கியது. அங்கிருந்து பாவாடை மாதிரி விரிந்து கீழே இறங்கியிருந்தது. கறை தொடங்கிய இடத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு இரும்புக் கம்பியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. கம்பியைச் சுற்றிச் சிமென்ட் விட்டுப்போய் விரல் நுழைகிற சந்து.

"ஏணிக்கம்பிய சுவத்துக்கு வெளிய வர்ற வரைக்கும் விட்டுக் கட்டியிருக்காங்க ஐயா. பக்கத்துல சம்மட்டி மெஷின் அதிர்ந்ததுல இந்த ஒரு கம்பி மட்டும் லூஸாயிருக்கு. எண்ணெய் இதுக்கு மேல ஏறுனா வெளிய போயிருக்கும், இந்த மட்டத்துக்கு வந்ததும் நின்னிருக்கும். ரொம்ப நாள் போயிருக்குதுங்க" என்றாள்.

எந்தக் கம்பி என்று அவர் எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை. இருந்தும் எண்ணினார். மேலிருந்து மூன்றாவது.

ஜஸ்டின் போன பிறகு ஏன் குறையவில்லை என்பதற்கும் பதில் அந்தச் சுவரிலேயே இருந்தது. ஆள் ஒன்று குறைந்த அந்த வாரத்திலிருந்தே காய்ச்சுவது பாதியாகிவிட்டது, தொட்டி ஒருநாளும் அந்தக் கம்பிக்கு மேல் நிறையவே இல்லை. அதற்கு முன்பும் வாரத்தின் மற்ற நாட்களில் எண்ணெய் அந்த மட்டத்தைத் தொடாது, சனிக்கிழமை மட்டும்தான் தாண்டும். இவ்வளவு எளிய கணக்கு. கூட்டாளியைத் திருடன் என்று காட்டிய அத்தனை சாட்சியும் ஒரு சந்து செய்த வேலை. வர்ஷா ஏதோ கேட்டாள், அவர் காதில் விழவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து ராணியிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். நான் அப்பவே சொன்னேன் என்று அவள் சொல்லியிருக்கலாம், அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. சொல்லவில்லை.

"அந்த ஆளு உயிரோட கீறாரான்னு மொதல்ல பாரு. அழுவுறதுன்னா அங்க போய் அழுவு" என்றாள்.

உயிரோடுதான் இருந்தார். வீராசாமியின் மகன் விசாரித்துச் சொன்னான். சென்னீர்குப்பத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில், மகன் கட்டிய வீட்டில் ஜஸ்டின் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்ச் முடிந்து வந்திருப்பார் என்று கணக்குப் போட்டு, திருவேங்கடம் பூந்தமல்லி பஸ் ஏறினார். வழியெல்லாம் ஜஸ்டின் எப்படியெல்லாம் திட்டுவார் என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். எவ்வளவு திட்டினாலும் நின்று வாங்கிக்கொள்வது என்று தீர்மானம். கதவைச் சாத்தினால் வாசலிலேயே உட்காருவது என்றும் தீர்மானம்.

கதவைத் திறந்த மருமகள் யார் என்று கேட்கும் முன்பே உள்ளேயிருந்து ஜஸ்டின் பார்த்துவிட்டார். உடம்பு பாதியாகியிருந்தது, தலை முழுவதும் வெள்ளை. எழுந்து நின்றார். பிறகு ஃபேனுக்கு நேராக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னார். மருமகளிடம் இரண்டு டீ கேட்டார்.

திருவேங்கடம் டீ வரும் வரை காத்திருக்கவில்லை. தொட்டி, கம்பி, சந்து, மண்ணிலிருந்து வந்த டிக்காஷன் நிற எண்ணெய், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். ஒவ்வொரு வாரமும் மூன்றாம் கம்பி வரைக்கும் குறைந்ததையும், அதை வைத்துத் தான் என்ன நினைத்தார் என்பதையும், எதற்காகப் பூட்டை மாற்றினார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

திட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஜஸ்டின் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, ஏதோ புரியாத மாதிரி ஒரு பார்வை.

"அப்போ நீ எடுக்கலியா?" என்றார்.

திருவேங்கடத்துக்கு முதலில் விளங்கவில்லை. என்ன எடுக்கவில்லையா என்று கேட்டார்.

"எண்ணெய்தான். நானும் பாத்துகினுதானே இருந்தேன், ஞாயித்துக்கெழமை மத்தியானம் வந்து மூடியத் தூக்கிப் பாத்தா எறங்கி இருக்கும். காலைல நீ வந்துட்டுப் போயிருப்பே. ராணி தங்கச்சி ஆஸ்பத்திரில கீது, அந்தச் செலவுக்குத்தான் எடுக்குறே, என்னாண்ட கேக்க உனுக்கு வெக்கம்னு நெனச்சேன். எடுத்துக்கட்டும்னு வாயத் தொறக்கல. பூட்ட மாத்துன அன்னிக்கு, சரி, இனிமே மொத்தமும் உனுக்கே வோணும் போலன்னு சாவியக் குட்த்துட்டுப் போய்ட்டேன்."

டீ வந்தது. இருவரும் எடுக்கவில்லை. மருமகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தனை வருடங்கள் திருவேங்கடம் ஜஸ்டினைத் திருடன் என்று நினைத்து வெறுக்க முயன்றுகொண்டிருந்தார். அதே வருடங்கள் முழுவதும் ஜஸ்டின் அவரைத் திருடன் என்று நினைத்து மன்னித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தின்ற ரொட்டி அப்போது திருவேங்கடத்துக்கு நினைவுக்கு வந்தது. கூட்டாளி திருடுகிறான் என்று நம்பிக்கொண்டே அந்த ரொட்டியை வாங்கி வந்தவர் ஜஸ்டின். திருவேங்கடம் ஒளிக்காமல், துண்டை வாயில் வைத்துக்கொள்ளாமல், வாய்விட்டு அழுதார்.

ஜஸ்டின் எழுந்து வந்து பக்கத்தில் நின்று, அவர் தோளில் கையை வைத்தார். அழுகை கொஞ்சம் அடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"நீ எடுத்தேன்னு நெனச்சப்பகூட எனுக்குக் கோவம் வரல மாமே. பூட்டுன்னா போட்டுக்கோ, அதும் பரவால்ல. ஆனா ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, என்ன வந்து கேட்டிருக்கலாம்."

"நீயும் கேட்டிருக்கலாம்டா" என்றார் திருவேங்கடம்.